என்.பி. எழுத்துக் கார்

தாரிகாவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் காரை, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் பல்கனியிலிருந்து முதலில் கண்டது நான்தான். நம்பர் பிளேட்டில் என்.பி., வட மாகாண எழுத்து. உடனே பக்கத்து ஃபிளாட்டுக்கு, அவளின் தாயார் சிவமணியக்காவிடம் ஓடினேன்.

“யாழ்ப்பாணக் கார், அக்கா. பிள்ளையை அங்கேயே கொண்டுபோயிடுவினம்.”

ஒரே மகள். தேத்தண்ணித் தட்டை நீட்டியபடியே, அக்கா மாப்பிள்ளையிடமே காரைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

“அங்க சித்தப்பாட்ட வாங்கினது, அன்ரி. நான் இருக்கிறது தெஹிவளையில.”

அக்காவுக்கு மூச்சு வந்தது. “ஐயோ, நடந்தே வரலாமே!”

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அவர்கள் போனதும் சொன்னேன்: “என்.பி.க்கு அடுத்த எழுத்து கே.வி., அக்கா. அது பழைய வரிசை. கார் பத்து வருசத்துக்கு மேல பழசு.”

“தள்ளிக்கொண்டே வரட்டுமடி. தெஹிவளைதானே!”