சிலைக்கு உட்கார்ந்தவர்

போரில் கப்பலோடு மூழ்கிய என் கணவருக்கு நகராட்சி சிலை வைக்க முடிவுசெய்தபோது, அவர் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. கப்பல் தளத்தில் எடுத்த குழுப்படத்தில் கடைசி வரிசையில் தொப்பி நிழலாக நிற்கிறார். கல்யாணப் படத்தில் கண்ணை மூடிவிட்டார். "பொண்ணப் பாத்ததும் மயங்கிட்டான்" என்று வீட்டில் வெகுநாள் கேலி.

அந்தப் படத்தைத்தான் சமையலறையில் வைத்திருந்தேன். பால் காயும்வரை அதைப் பார்ப்பேன். மனதுக்குள் அந்த இமைகளை மெல்லத் திறப்பேன். அவர் என்னைப் பார்ப்பார். உடல்கூடக் கிடைக்காத எனக்கு அந்தப் பார்வை ஒன்றுதான் மிச்சம்.

சிற்பி வீட்டுக்கு வந்து கேட்டார்: "அவர் ஜாடையில யாராச்சும் இருக்காங்களா?"

மாமியார் யோசிக்கவே இல்லை. "இதோ, சின்னவன். அச்சு அசல் அண்ணன்தான்."

வீட்டுப் பங்குத் தகராறில், அண்ணன் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று இரண்டு வருடம் ஒதுங்கியிருந்தவர் என் கொழுந்தன். அண்ணன் போன பிறகு, நான் காலிசெய்த அண்ணன் அறையிலேயே குடியேறியவர். சவரம் செய்து, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அவருக்குக் கண்ணு இன்னும் உள்வாங்கியிருக்கும்," என்றேன். "முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும்."

"சிலை சிரிக்காதும்மா," என்றார் சிற்பி.

"விடுங்க அண்ணி. அண்ணாந்து பாக்குறவன் பல்லையா எண்ணப் போறான்?" கொழுந்தன் மோவாயைத் தூக்கிக்கொண்டார்.

திறப்பு விழாவில் திரை விலகியதும், கடற்படைச் சீருடையில் கொழுந்தன் பீடத்தின் மேல் நின்றார். மாமியார் பீடத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்தாள்.

"உயிரோட நிக்கிற மாதிரியே இருக்குடி!"

"உயிரோடதானேக்கா நிக்கிறாரு. அதோ, கொழுந்தனைப் பத்திரிகைக்காரன் படம் எடுக்கிறான் பாருங்க."

அவள் கையை விட்டுவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இந்த வாய் ஆகாது என்று யாரிடமோ சொன்னாளாம்.

கடைக்குப் போகச் சிலை நிற்கும் சந்திப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். குனிந்தவளையும் அந்த முகம் விடவில்லை.

இன்று பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். வழக்கம்போல இமைகளைத் திறந்தேன்.

கொழுந்தன் பார்த்தார்.

சட்டென்று மூடினேன். பல்லையாவது பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். எந்தப் பல் எதன்மேல் ஏறியிருந்தது?

"அண்ணி, காபி ஆச்சா?" கூடத்திலிருந்து குரல் வந்தது.

பால் பொங்கி வழிந்தது. அந்தக் குரலும் என் கணவருடையதாகிவிடுவதற்குள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.