நீலத்தில் சிவப்பு

லண்டனிலிருந்து வந்த ஃபேக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சௌரிராஜன் குதித்த குதியில் பழங்காநத்தத்துச் சாயப்பட்டறையே கிடுகிடுத்தது. சுங்குடிச் சேலைக்கு முப்பது வருஷமாகச் சாயம் ஏற்றுகிற மனிதர். நிறம் பிசகிவிட்டது என்று இதுவரை ஒருத்தர் அவரிடம் சொன்னதில்லை. இப்போது கடல் தாண்டிச் சொல்லிவிட்டார்கள்.

"பார்சலைப் பிரிச்ச மேனேஜரு 'சா ரெட்'டாம்! சிவப்பைப் பாத்தாராம்! நாம அனுப்புனது அம்புட்டும் நீலம். சிவப்பு எப்படிடா வந்துச்சு?"

தொட்டியைப் பார்த்துக்கொள்கிற காளை, விரல்களை விரித்துக் காட்டினான். பத்தும் நீலம். "செவப்புத் தொட்டிப் பக்கமே நான் போகலையே முதலாளி."

"அப்பப் பறந்து வந்து விழுந்துச்சா? நாளையிலருந்து நீ வராத."

பன்னிரண்டு வருஷ வேலை. காளை ஃபேக்ஸை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு எதிர்வீட்டு ஆனிமேரி டீச்சரிடம் ஓடினான். மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கிறவர். பின்னாலேயே சௌரிராஜனும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

டீச்சர் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, இது சாயமில்ல, கோவம். நமக்குக் கோவம் வந்தா கண்ணு செவக்குது. அவுகளுக்குப் பாக்குறதெல்லாம் செவக்கும் போல. மேனேஜருக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சுன்னு எழுதியிருக்காக."

"எதுக்காம்?"

"அடுத்த வரியப் படிக்கலையா? துணியெல்லாம் கசங்கிச் சுருங்கி, முடிச்சு முடிச்சாக் கெடக்காம்."

புள்ளி விழுவதற்காகப் போட்ட முடிச்சைப் பிரிக்காமல் அனுப்பச் சொன்னதே சௌரிராஜன்தான். வாங்குகிறவர் கையால் இழுத்து, முடிச்சு படபடவென்று தெறித்தால்தானே அசல் சுங்குடி என்று நம்புவார்? மதுரையில் அது பெருமை. லண்டனில் கந்தல். இழுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிப்போட அவருக்குத் தோன்றவேயில்லை.

"இங்கிட்டு ஒரு ஆளு, அங்கிட்டு ஒரு ஆளு புடிச்சு இழுக்கச் சொல்லி எழுதுங்க டீச்சர்" என்றார் ஈனசுரத்தில்.

திரும்பும்போது காளையின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நாளைக்கு வெள்ளன வந்துரு. தொட்டி கெடக்கு" என்றார்.

"வாரேன். ஒண்ணே ஒண்ணு கேக்கவா முதலாளி? சித்த முன்னாடி என்னயப் பாத்தீகளே, நான் என்ன கலர்ல தெரிஞ்சேன்?"

சௌரிராஜன் அந்த நீல விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"செக்கச்செவேல்னு தெரிஞ்சடா. தப்புத்தான்."