தையற்காரத் தவளை

ஒரு தவளைக்குப் பெயர் வைப்பது எளிது. வைத்த பெயரை எடுப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அது தன்னிடம் இல்லை என்பதை அருங்காட்சியகத்தின் தவளைப் பிரிவில், அண்ணியின் மேசைக்கு எதிரே வந்து நின்ற பிறகுதான் இவள் உணர்ந்தாள். கையிலிருந்த கட்டுரை, சுருட்டிச் சுருட்டிக் குழலாகவே மாறியிருந்தது.

"ஊதப் போறியா, படிக்கக் கொடுக்கப் போறியா?" என்றார் அண்ணி, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணி அந்தப் பிரிவின் தலைவி. இவள் அங்கேயே ஆய்வாளர். அலுவலகத்தில் ஒரே துறை. வீட்டு உறவில் அண்ணியும் நாத்தனாரும். இருவரையும் இணைத்தவர், இவளுக்கு அண்ணன், அவருக்குக் கணவர், மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

அண்ணன் தவளை ஆராய்ந்தவர் அல்லர், தையற்காரர். கடைத்தெருவில் ஒற்றை மெஷின், ஒற்றை ஸ்டூல், கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடா. ஆனால் முதல் தூறல் விழுந்ததும் கடைக்குப் பூட்டு! தவளைகளைப் போட்டுவைக்கத் தானே தைத்த துணிப்பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, மனைவியோடும் தங்கையோடும் மலையேறிவிடுவார். மனைவி தவளை பிடிக்க, கணவர் பை தைக்க, உறவுக்கூட்டம் வாய்க்கு வந்ததைப் பேசிற்று. "பொண்டாட்டி சேத்துல குதிக்கிறா, இவன் டார்ச் புடிக்கிறான்" என்று ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார்.

"ஆமா பெரியப்பா. உங்களுக்கும் ஒரு பை தைக்கட்டுமா? வாய் மட்டும் நல்லா பெருசா வச்சு?" என்றார் அண்ணன்.

பெண் அறிவைத் தேடிப் போனால் வீடு இருண்டுவிடும் என்று எச்சரித்தவர்கள், அந்த வீட்டின் சிரிப்பை ஒருநாளும் வந்து கேட்டவர்கள் அல்லர்.

இத்தனைக்கும் அண்ணனுக்குத் தவளை என்றாலே குலை நடுங்கும். விளக்கைப் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடிக்கொள்வார். "எங்க வெளிச்சம் அடிக்கிறீங்க? அது என் மூக்கு!" என்று அண்ணி கத்துவார். அப்படியொரு மழைச் சாயங்காலத்தில்தான், உச்சி ஓடையோரம், கட்டைவிரல் நகத்தளவே இருந்த தவளை ஒன்று அகப்பட்டது. தொடையில் செம்மஞ்சள் பட்டை. குரலோ, தையல் மெஷின் ஓடுவதைப் போன்ற தொடர் தடதடப்பு.

அந்தப் பட்டை கொண்ட சிறு தவளை எந்த நூலிலும் இல்லை. எனவே புதிய இனம் என்று அண்ணி அறிவித்தார். தையற்காரர் என்று பொருள்படும் அறிவியல் பெயரைச் சூட்டினார். உலகிலேயே அந்த ஒரு மலையில் மட்டும் வாழ்வது என்று எழுதி, வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்தார். அண்ணன் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினார். துணி தைக்க வந்தவர்களெல்லாம் தவளையைப் பார்த்துவிட்டுத்தான் அளவு கொடுத்தார்கள்.

இப்போது அதே தவளையை இவள் சமவெளியிலும் கடலோரத்திலும் கண்டிருக்கிறாள். குரல் ஒன்று, மரபணு ஒன்று. கடலோரத் தவளைக்கோ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எவரோ பெயர் வைத்துவிட்டார்கள். ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்ததே நிற்கும். பிந்தியது அதன் கீழே சிறிய எழுத்தில் ஒதுங்கும். இத்துறையின் சட்டம் அது. அண்ணனின் பெயரை இறக்கும் அந்த ஒரு வாக்கியத்தை எழுத இவளுக்குக் கை வரவில்லை. "ஒருவேளை இவை ஒரே இனமாக இருக்கலாம்" என்று எழுதி வைத்திருந்தாள்.

அண்ணி கட்டுரையை வாங்கிப் படித்தார். முகம் இறுகிற்று.

"அந்தப் பழைய பேருள்ள தவளைக்குத் தொடையில பட்டையே இல்லன்னு எழுதியிருக்காங்களே?"

"ஸ்பிரிட் ஜாடியில ஊறி வெளுத்துப்போனதப் பாத்து எழுதியிருக்காங்க, அண்ணி."

"நீ பாத்தியா வெளுத்தத?"

"நம்ம ஜாடியத் திறந்து பாருங்க."

அண்ணி எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். தம் புதிய இனத்துக்கு ஆதாரமாக வைத்த முதல் தவளையை, காலில் நூலால் கட்டிய சீட்டோடு, ஜாடியிலிருந்து இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தார். வெந்த சோற்றின் நிறத்தில் இருந்தது. செம்மஞ்சள் இருந்த சுவடே இல்லை. நுண்ணோக்கியை மாற்றி மாற்றித் திருகினார், தொடையைத் திருப்பிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"உயிரோட இருந்தத, செத்துப்போனதோட ஒப்பிட்டுட்டேன்" என்றார் அண்ணி. அடுத்த கணமே குரல் உயர்ந்தது. "உனக்குத் தெரிஞ்சிருக்குதுல்ல? அப்புறம் எதுக்கு இந்த 'ஒருவேளை'?"

"அண்ணன் பேரு, அண்ணி..."

"அவருக்குப் பிச்சை போடுறியா நீ? அளவு தப்பின சட்டைய, பரவால்ல போட்டுக்கோங்கன்னு உங்கண்ணன் யாருக்காவது கொடுத்திருக்காரா? ராவோட ராவா பிரிச்சுத் தைப்பாருடி!"

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஜாடி மேல அழாத, சீட்டு நனையும். நகரு. நான் வச்ச பேரு, நானே இறக்குறேன்."

கணினி முன் அமர்ந்து, ஒற்றை விரலால் அந்த 'ஒருவேளை'யை அழித்தார். 'இருக்கலாம்' போயிற்று, 'ஒரே இனமே' என்று நின்றது. மேலே எவரோ வைத்த பழைய பெயர். அதன் கீழே, சிறிய எழுத்தில், தையற்காரர். அண்ணி அந்தச் சிறிய எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரைபடத்தைத் திறந்தார்.

"சொல்லு. எங்கெங்க புள்ளி?"

"கடலோரம். ரெண்டு ஏரி. அப்புறம்... பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கிற வாய்க்கால்."

"எந்த பஸ் ஸ்டாண்டு? நாம மலைக்குப் பஸ் ஏறுவோமே, அதா?"

"அதேதான்."

அண்ணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அட கடவுளே! காலடியிலயே வச்சுக்கிட்டு, இதுக்காடி அவ்வளவு மலை ஏறினோம்?"

"ஏறினோமே, அண்ணி" என்றாள் இவள்.