முயல் போட்ட கிண்ணம்

வாசல் பலகையில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் ஊன்றி, மசுயோ தான் பெற்ற மகளுக்கே தலை வணங்கினாள்.

"வாங்க, வாங்க. இவ்வளவு தூரம் மலையேறி வந்திருக்கீங்க, களைப்பா இருக்கும்."

காசு கொடுத்துத் தங்க வருகிற விருந்தாளிகள் எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தைகள்தான். சொல்லி முடித்த பிறகு நிமிரத்தான் தைரியம் வரவில்லை. வாசல் கல்லில் நின்ற காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. சின்ன வயதிலும் இவள் இப்படித்தான் தேய்ப்பாள்.

"ஒரு ராத்திரிதான். உங்களுக்குச் சிரமம் கொடுக்கறேன்" என்றாள் சிஹோ. அவளும் தலை வணங்கினாள். தாயும் மகளும் ஒரே வார்ப்பு. வீம்பில் ஒருத்திக்கு ஒருத்தி சளைத்தவள் இல்லை.

அதே பஸ்ஸில் வந்திறங்கிய ஒசாகாத் தம்பதிக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நிஷிவாகி என்று பெயர். அந்த அம்மாள் கூரையின் கனத்த வைக்கோலைப் பார்த்து ஒரு தடவை, கூடத்து நடுவில் எரிந்த கணப்பைப் பார்த்து ஒரு தடவை, வெளியே இலையெல்லாம் உதிர்ந்து ஆரஞ்சு நிறப் பழம் மட்டும் தொங்கும் பெர்சிமன் மரத்தைப் பார்த்து ஒரு தடவை என்று "அம்மாடி!" போட்டுக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன் எல்லாவற்றையும் படம் பிடித்தான், மசுயோவின் துடைப்பம் உட்பட.

வசந்த காலத்தில் ஒரு நாள் சிஹோ நகோயாவிலிருந்து போன் செய்திருந்தாள். புருஷனை விட்டுப் பிரிந்துவிட்டதாகச் சொன்னாள். சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கட்டுமா என்று கேட்டாள். மசுயோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயத்தில் மனுஷிக்கு என்ன வாயில் வருகிறது என்றே தெரிவதில்லை. "கிண்ணத்த ஒடச்சு அனுப்பின வீடு இது" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

கல்யாணப் பெண் வாசலைத் தாண்டும்போது, அதுவரை அவள் சோறு தின்ற கிண்ணத்தைக் கல்லில் போட்டு உடைப்பது அந்த மலைப்பக்கத்து வழக்கம். போன இடத்திலேயே வேர்விடு, திரும்பி வராதே என்று அர்த்தம். பிணம் எடுக்கும்போதும் இதே போலத்தான் உடைப்பார்கள். இப்போதெல்லாம் பாதி வீடுகளில் விட்டுவிட்டார்கள். மசுயோ விடவில்லை. மகள் நன்றாக வாழ வேண்டும் என்று, நீல முயல் போட்ட அந்தக் கிண்ணத்தை முதல் நாளே வெள்ளைத் துணியில் சுற்றி சாமி மாடத்தில் வைத்து, காலையில் தன் கையாலேயே வாசல் கல்லில் ஓங்கிப் போட்டாள். துணியோடேயே மரத்தடியில் புதைத்தும்விட்டாள்.

போனில் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவள் கோடை முழுக்கத் தவித்தாள். போனைக் கையில் எடுப்பாள், வைப்பாள். இலையுதிர் காலம் வந்தபோது ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துப் பெண் கூப்பிட்டு, "பெர்சிமன் உரிக்கற நாளுக்கு மூணு பேரு வர்றாங்க. ஒரு ஜோடி. இன்னொருத்தங்க தனியா, பேரு மியாஷிதா சிஹோ. உங்க குடும்பப் பேராவே இருக்கே, சொந்தமா?" என்று கேட்டாள். மகளாக வர முடியாத வீட்டுக்கு மகள் விருந்தாளியாக வருகிறாள். மசுயோ, "ஆமா, சொந்தந்தான்" என்று மட்டும் சொன்னாள்.

மதியம் எல்லோரும் முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மசுயோவின் புருஷன் எய்சாகு, இரண்டு கூடை பழத்தைக் கொண்டுவந்து கொட்டினான். கணீரென்று பேசுகிற ஆள் இல்லை அவன். மகள் வந்திறங்கியதிலிருந்து அவளைப் பார்ப்பதும் கூடையைப் பார்ப்பதுமாக இருந்தான். ஒசாகாக்காரன் ஆசைப்பட்டு ஒரு பழத்தை அப்படியே கடித்தான். கடித்த வேகத்தில் அவன் முகம் கோணிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"துவர்ப்புப் பழங்க அது!" என்றாள் மசுயோ. "காய்ஞ்சாத்தான் இனிக்கும். இப்பத் தின்னா நாக்கு ஒட்டிக்கும்."

"நல்லதாப் போச்சு" என்றாள் அவன் பெண்டாட்டி. "சாயங்காலம் வரைக்குமாவது வாயத் தொறக்காம இருப்பாரு."

சிஹோ சிரித்தாள். மசுயோ தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. சிஹோவின் கையில் கத்தி சுழன்றுகொண்டிருந்தது. காம்பில் கயிறு கட்ட ஒரு துண்டுக் குச்சியை மட்டும் விட்டுவிட்டு, தோல் ஒரே நாடாவாக இறங்கி மடியில் விழுந்தது.

"யம்மா, என்ன லாவகம்! உங்களுக்கு முன்னாடியே பழக்கமா?" என்றாள் நிஷிவாகி அம்மாள்.

"முன்னாடி கொஞ்ச நாள் இந்த ஊர்ல தங்கியிருந்தேன்" என்றாள் சிஹோ.

மசுயோவின் கத்தி பழத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. கெட்டுப்போன அந்தப் பழத்தை யாருக்கும் தெரியாமல் இடுப்பில் கட்டியிருந்த துணிக்கடியில் தள்ளினாள்.

உரித்த பழங்களைக் கயிற்றில் கோத்து, கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மேல்மாடத்து ஜன்னலோரம் காற்றாடக் கட்ட வேண்டும். மாடம் ஏறுவது எய்சாகுவின் வேலை. மசுயோவுக்கு முழங்கால் வலி. அந்த ஏணியில் அவள் ஏறி வருஷக்கணக்காகிறது. ஆனால் இன்று எய்சாகுவை அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஒசாகாக்காரன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். "நான் ஏறறேன்" என்றாள் சிஹோ.

எய்சாகு அண்டாவிலிருந்து கையை எடுத்து, "வேணாம், வேணாம், நானே..." என்று ஆரம்பிப்பதற்குள் அவள் பாதி ஏணி ஏறிவிட்டாள்.

மசுயோ கீழே நின்று, மூங்கில் கொக்கியில் ஒவ்வொரு சரமாக மாட்டி நீட்டினாள். மேலேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். மகளின் கைதான். சரம் கைமாறும்போது கொக்கியில் ஒரு சின்ன இழுப்பு வருமே, அந்த இழுப்புக்காகவே மசுயோ அடுத்த சரத்தை எடுத்தாள். ஆறேழு சரம் போயிருக்கும். அடுத்த சரத்தை வாங்க யாரும் வரவில்லை. கை வலிக்க நீட்டிக்கொண்டே நின்றாள்.

"என்னங்க? மேல என்ன ஆச்சு?" என்று விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டாள்.

மசுயோ சரத்தைக் கீழே வைத்துவிட்டு ஏணியைப் பிடித்தாள். ஒவ்வொரு படியிலும் முழங்கால் கத்தியது.

மேல்மாடத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில், எய்சாகு உட்காரும் கோணிச் சாக்கின் மேல் சிஹோ உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பழைய பிளாஸ்க். அவள் இரண்டு கைக்குள்ளும் ஒரு கிண்ணம். அடியில் கொஞ்சம் தேநீர் வண்டல் காய்ந்திருந்தது. வெளிப்பக்கம் ஓடுகிற நீல முயல். ஒரு காது கொஞ்சம் சில்லுப் பெயர்ந்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் சிஹோ தொட்டியில் இடித்துப் பெயர்த்தாள், அன்று மசுயோ திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

மசுயோ அதையே பார்த்தாள். தன் கையாலேயே உடைத்துப் புதைத்த கிண்ணம்!

பின்னாலேயே எய்சாகு மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டான். ஏணி முனையில் தலை மட்டும் தெரிந்தது. அதற்கு மேல் ஏறுவதா இறங்குவதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"நான் ஒடச்சது என்னது?" என்று கேட்டாள் மசுயோ.

"என்னோட கிண்ணம்" என்றான் எய்சாகு. "சாமி மாடத்துல நீ வச்சிருந்தத எடுத்துட்டு, என்னோடத சுத்தி வச்சுட்டேன். அது... மனசு வரல."

கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாட்டில், 'என் கிண்ணம் கழுவும்போது கைதவறிருச்சு' என்று இவன் சொன்னதும், கல்யாணம் முடிந்த கையோடு அபசகுனம் என்று தான் நாள் முழுக்கக் கத்தித் தீர்த்ததும், இவன் தலையை ஆட்டிக்கொண்டே திட்டு வாங்கியதும் மசுயோவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"உங்க கிண்ணத்தயா? பொணத்துக்கு ஒடைக்கற மாதிரி? போயிச் சேந்திருந்தா?"

"நான் எங்க போகப்போறேன்? இந்த மலையிலயேதான் கெடக்கேன்." பிறகு மகளைப் பார்க்காமல், ஜன்னலில் தொங்கிய சரங்களைப் பார்த்துச் சொன்னான். "ஒழுங்கா ஒடைக்க விட்டிருந்தா நீ அங்கயே நல்லா இருந்திருப்பியோ என்னமோ. அத நெனச்சுத்தான் இந்த வருசம் பூரா..."

"அப்பா." சிஹோ அவன் பக்கம் திரும்பினாள். "அவருக்கும் எனக்கும் ஒத்துவரல. அதுக்குக் கிண்ணம் என்ன பண்ணும்? இதுல தெனம் டீயா குடிச்சுட்டிருக்கே?"

"சரம் கட்டற நாள்ல மட்டும்" என்றான் எய்சாகு வெட்கத்தோடு.

அவனை அப்பா என்று கூப்பிட்டுவிட்டாள். மசுயோவுக்குப் பொறாமையாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் ஒன்று மெல்ல விடுபட்டது: உடைக்கவில்லை. உடைக்கவே இல்லை. போனில் தான் சொன்னது பொய். அதைச் சொன்னால் போதும், ஒரு வாக்கியம்தான். ஆனால் துவர்ப்புப் பழத்தைக் கடித்தது போல நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசியில் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கீழ வாங்க, இருட்டப்போகுது. விருந்தாளி மாடத்துலேருந்து விழுந்தா எங்களுக்குத்தான் கெட்ட பேரு."

சிஹோ கிண்ணத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

விருந்தாளிகளுக்குத்தான் முதல் வெந்நீர். சிஹோ குளித்து வந்து, ஒசாகாத் தம்பதியோடு கணப்பைச் சுற்றி உட்கார்ந்தாள். குச்சியில் செருகிய ஆற்று மீன் உப்புப் பொரிய வெந்துகொண்டிருந்தது. பாதி மசித்த சோற்றைத் தட்டையான குச்சியில் அப்பி, வால்நட்டும் சோயாக் கூழும் சேர்த்து அரைத்ததைத் தடவி, எய்சாகு நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டினான். அந்த மணத்துக்கு ஒசாகாக்காரனின் நாக்கு சரியாகிவிட்டது.

சமையலறையில் மசுயோ, எய்சாகு இறக்கிக் கொண்டுவந்து வைத்த கிண்ணத்தை உப்புப் போட்டுத் தேய்த்தாள். தேநீர்க் கறை போனதும் முயல் பளிச்சென்று ஓடியது. சோற்றுப் பானையைத் திறந்தாள். கரண்டியை எடுத்தாள். இதில் போட்டுக் கொண்டுபோய் வைத்து, அவள் அதைத் தொடாமல் நகர்த்தி வைத்துவிட்டால்? கிண்ணத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். விருந்தாளிகளுக்கான கறுப்புக் கிண்ணத்தில் சோறு போட்டாள்.

"மசுயோ" என்றான் வாசலில் நின்ற எய்சாகு.

"வெளியாளுங்க முன்னாடி வேணாம்" என்றாள் அவள்.

அவள் கையிலிருந்த தட்டை அவனே வாங்கிக்கொண்டு போனான்.

காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. கீழே ஆறு இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒன்றுதான் தெரிந்தது. சிஹோ பையை எடுத்துக்கொண்டு, கோட்டும் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கணப்பைச் சுற்றி இரண்டே இரண்டு சாப்பாட்டுத் தட்டுகள் இருந்தன.

"ஐயோ, உங்க தட்டக் காணோமே!" என்றாள் நிஷிவாகி அம்மாள்.

சிஹோ அந்த வெறும் இடத்தைப் பார்த்தபடி நின்றாள். பையின் வாரை மாற்றிப் பிடித்தாள். "பரவால்ல, எனக்குப் பசியில்ல" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை.

"சிஹோ!" சமையலறையிலிருந்து வீடு அதிர ஒரு கத்தல். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிற காலையில் கேட்ட அதே கத்தல். "அங்க என்ன ஆடி அசைஞ்சுட்டு நிக்கற? சோறு ஆறுது!"

ஒசாகாக்காரன் எடுத்த மீனைக் கீழே போட்டான்.

சமையலறை மேசையில் மூன்று கிண்ணங்கள் இருந்தன. எய்சாகு ஒன்றின் முன்னால் உட்கார்ந்து ஊறுகாய்க் கீரையைக் கடித்துக்கொண்டிருந்தான். முயலின் மேல் சோறு ஆவி பறக்கக் குவிந்திருந்தது. மசுயோ அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். சூப்பைக் கலக்கத் தேவையில்லாதபோதும் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் போன்ல சொன்னது பொய்யாப் போச்சு" என்றாள், திரும்பாமலேயே. "ஒடைக்கலயாம்."

நாற்காலி இழுபடும் சத்தம் வராதா என்று முதுகெல்லாம் காதாக நின்றாள். கோட்டைக் கழற்றும் சரசரப்பு கேட்டது. பிறகு நாற்காலி இழுபட்டது.

பஸ் ஹாரன் அடித்தது. ஒசாகாத் தம்பதியின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மசுயோ சாலை வரை போனாள். ஓட்டுநர் கிதாஹாரா கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான்.

"மூணு பேருன்னு சொன்னாங்களே. இன்னொரு விருந்தாளி எங்க?"

"விருந்தாளிங்க ரெண்டு பேருதான்" என்றாள் மசுயோ.

படியில் ஏறிய நிஷிவாகி அம்மாள் திரும்பி, "நேத்தே நெனச்சேன். மூக்கு ரெண்டும் ஒரே அச்சு" என்று அவள் காதில் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் மூடுபனிக்குள் இறங்கி மறைந்தது. மசுயோ அது வளைவு தாண்டும் வரை வழக்கம் போலத் தலை வணங்கி நின்றாள். இன்றைக்குக் கொஞ்சம் அதிக நேரமே குனிந்திருக்க வேண்டியிருந்தது, முகத்தைத் துடைத்துக்கொள்ள.

திரும்பி வந்தபோது எய்சாகு மாடத்துக்குப் போய்விட்டிருந்தான். சிஹோ தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாள் இருப்பேன்னு எனக்கே தெரியலம்மா."

"யாரு கேட்டா?"

சிஹோ கடைசிப் பருக்கையை வழித்துத் தின்றாள். பிறகு இரண்டு கைகளாலும் கிண்ணத்தை நீட்டினாள், இன்னும் கொஞ்சம் என்று. காது பெயர்ந்த முயல் மசுயோவைப் பார்த்து ஓடி வந்தது. அவள் மரக்கரண்டியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பானையைத் திறந்தாள்.