மின்தடை இல்லாத ஊர்

விழுப்புரத்து உள்ளூர் சேனலில் தினமும் காலை ஏழு மணிக்குச் செய்தி வாசிப்பவள் கலைப்பிரியா. பெட்ரோல், டீசல் விலை, தங்கம் விலை, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை என்ன விலைக்குப் போனது, மழை வருமா வராதா, கடைசியாக இன்றைக்கு எந்தெந்த ஊரில் கரண்ட் இருக்காது என்ற பட்டியல். பத்து நிமிட வேலைதான். ஆனால் அதைக் கேட்காமல் மாவட்டத்தில் பாதிப் பேர் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள் என்று அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

அந்தக் கர்வத்தில் மண்ணை அள்ளிப் போட்டவர் கண்ணையன். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கரும்பு விவசாயி. போன மாதம் ஒருநாள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்.

“நீ வாயத் தொறந்தா எங்க ஊர்ல ஒயரு போவுதும்மா,” என்றார்.

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. கம்பத்திலிருந்து மோட்டார் கொட்டகைக்கு வரும் காப்பர் ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், எந்தத் திருடனும் கிட்டே வரமாட்டான். கரண்டை நிறுத்துகிற நாளில்தான் அது வெறும் ஒயர். அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது என்பதால் கரும்புக் கொல்லைப் பக்கம் ஈ காக்கை இருக்காது. பட்டப்பகலில் வந்து நறுக்கிச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான்.

“எங்க கரண்ட் இல்லன்னு கேட்டுக்கினுதான் வர்றான். உனக்குத் தெரிஞ்சவனாக்கூட இருப்பான்.”

ஊரே கேட்கிற செய்திக்கு நான் என்ன செய்ய முடியும் என்று அவரை அனுப்பிவிட்டாள். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

அவள் புருஷன் மணிமாறனுக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றிக் கட்டுகிற கடை. நாளெல்லாம் காப்பர் கம்பியோடு புழங்குகிறவன். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, “நாளைக்கு எந்த ஊர்ல கரண்ட் இல்ல?” என்று கேட்பான். பெண்டாட்டி வேலையை அக்கறையாக விசாரிக்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று அவள் பூரித்த காலம் உண்டு. இப்போது யோசித்துப் பார்த்தாள். ஒருநாளாவது தங்கம் விலையைக் கேட்டானா? மழையைப் பற்றிக் கேட்டானா?

அவன் சட்டையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தது, ஒயரின் மேல்தோலை எரித்துக் காப்பரைப் பிரித்தால் வருகிற வாடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரிக்கிறவன் மேல் மல்லிகைப்பூ வாடையா வரும் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். அப்படியும் மனசு அடங்காமல், ஒரு மின்தடை நாளில் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். கடை பூட்டியிருந்தது. போன் அடித்தாள், எடுக்கவில்லை. சாயந்தரம் வந்தவன், “கடைல நிமிர நேரமில்ல கலை,” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான்.

நேராகக் கேட்டுவிடலாம்தான். இல்லை என்று சொல்லிவிட்டால் சந்தேகப்பட்ட மூஞ்சியை வைத்துக்கொண்டு அவனோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஒரு குறுக்கு வழி பிடித்தாள். கண்ணையனுக்குப் போன் போட்டாள்.

“நாளைக்கு உங்க ஊரு பேரையும் சேத்துப் படிக்கிறேண்ணா. நெசத்துல கரண்ட் போவாது. நீங்க கரும்புக்குள்ள குந்திக்கினு யாரு வர்றாங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

“அட, நல்ல ரோசனையா இருக்குதே,” என்றார் கண்ணையன். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டது ஏனென்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அன்று ராத்திரியும் மணிமாறன் கேட்டான். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னான்.

மறுநாள் காலை விலைவாசியும் வானிலையும் வாசித்துவிட்டு, பட்டியலின் கடைசியில் இல்லாத மின்தடையையும் வாசித்தாள். குரல் நடுங்கவே இல்லை, அதில் அவளுக்கே ஆச்சரியம்தான். ஒன்பது மணி தாண்டியதும் கண்ணையன் போனில் வந்தார்.

“இன்னும் யாரும் வர்லம்மா. வரட்டும். ஒயர்ல கட்டர வச்சான்னா அங்கியே சுருண்டுடுவான். போலீசு, கேசுன்னு எந்தப் பேஜாரும் இல்ல.”

“என்னண்ணா சொல்றீங்க?”

“கரண்ட் இல்லன்னு நம்பித்தான கைய வெப்பான்? அதுக்குத்தான நீ அப்டிப் படிச்ச?”

வருகிறவன் முகம் யாருடையது என்பதையே நினைத்து நினைத்து, அவன் கையை அவள் மறந்தே போயிருந்தாள்.

“யாரு வந்தாலும் தொடாதன்னு சொல்லி நிறுத்துங்கண்ணா.”

“திருடனுக்கு நான் காவலா?” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் ஸ்டூடியோவுக்குள் ஓடினாள். ஓடிக்கொண்டிருந்த சமையல் நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி, அந்த ஊரில் மின்தடை கிடையாது, தவறாக வாசித்துவிட்டேன், யாரும் ஒயரைத் தொட வேண்டாம் என்று இரண்டு தரம் அறிவித்தாள். முதலாளி கதவருகில் நின்று முறைத்தார். முறைத்துவிட்டுப் போகட்டும். ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. ஆனால் காலையிலேயே பைக்கில் கிளம்பிப் போனவன் எங்கே டிவி பார்த்துக்கொண்டிருக்கப் போகிறான்?

போனில் மணிமாறன் நம்பரை எடுத்துவிட்டு அழுத்தாமல் நின்றாள். திண்டிவனத்தில் கடையில் உட்கார்ந்து காயில் சுற்றிக்கொண்டிருப்பவனிடம் ஒயரைத் தொடாதே என்றால், உன்னைத் திருடன் என்று நினைத்தேன் என்று சொல்வதுதானே அது. சொல்லாமல் விட்டு, அவன் அங்கே இருந்துவிட்டால்?

அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாம் தரம் எடுத்தான்.

“ன்னா கலை, வேலையா கீறேன்.”

கடையில் எப்போதும் கேட்கும் பஸ் இரைச்சல் இல்லை.

“ஏங்க, ஒயர்ல கைய வெக்காதீங்க. கரண்ட் இருக்குது.”

எந்த ஒயரு என்று கேட்கட்டும், கடவுளே என்று காத்திருந்தாள். உனக்கென்ன பைத்தியமா என்று திட்டட்டும். கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசாமல்கூட இருக்கட்டும், காலில் விழுந்தாவது சமாதானம் பண்ணிக்கொள்ளலாம்.

இரும்புச் சாமான் ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது.

“எப்ப வந்துது?” என்றான் மணிமாறன்.

உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதிதான் அவளுக்கு முதலில் வந்தது. அழுகை அதற்குப் பின்னால் வந்தது.

“போவவே இல்ல,” என்றாள் கலைப்பிரியா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனிடம் ‘ங்க’ சேர்க்காமல் அவள் பேசியது அன்றைக்குத்தான்.