சம்பந்தி பாட்டிலும் ஒரு கிலோ உப்பும்

சம்பந்தி வர இன்னும் அரைமணி நேரம் இருக்கும்போதுதான் பாட்டில் அலமாரியிலேயே நிற்பதைப் பார்த்தேன். என் ஈரக்குலை அப்படியே நழுவிக் காலடிக்கு வந்து, செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது.

காரணம் இருக்கிறது. ஆறு மாதம் முன்பு, பேத்தியின் மூக்கு யார் சாடை என்று பேச்சு வந்தது. "உங்க வீட்டுல மூக்கு முதல்ல வரும், ஆள் அஞ்சு நிமிஷம் கழிச்சு வருவார்" என்று சொல்லித் தொலைத்தேன். சம்பந்தி அன்று எழுந்து போனவர்தான். நேற்று மகளிடம் இந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு சீட்டு: 'ஜில்லுனு வெச்சிருங்க. சேர்ந்து குடிப்போம்.'

"காலையிலேயே ஃபிரிஜ்ல வெச்சிட்டீங்கல்ல?" சமையலறையிலிருந்து மனைவி.

"அது நடுங்கிட்டு இருக்கு" என்றேன். நடுங்கியது நான்.

"இன்னைக்கும் சொதப்பினா அவர் இந்த வாசலை மிதிக்க மாட்டார். நடுவுல நசுங்கப் போறது நம்ம பொண்ணு. பாத்துக்குங்க."

முப்பத்தெட்டு வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் குப்பை கொட்டியவன் நான். காலையில் ஒரு யானையைக் கொடுத்தால் சாயங்காலம் தும்பிக்கையோடு கட்டியாக்கித் தந்திருப்பேன். ஒரு பாட்டில் எனக்கு எம்மாத்திரம்? ஃபிரிஜில் இருந்த ஐஸையெல்லாம் குளியலறை வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். அடுத்து உப்பு. மற்றவர்கள் ஒரு கைப்பிடி போடுவார்கள். என் கைக்குக் கைப்பிடிக் கணக்கு தெரியாது, மூட்டைக் கணக்குதான் தெரியும். ஒரு கிலோ பொட்டலத்தை அப்படியே கவிழ்த்து, பாட்டிலைக் கழுத்துவரை முக்கிச் சுழற்றிவிட்டு, தட்டு அடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வாளிக்கு வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. உள்ளே ஒயின் கூழாக உறைந்திருந்தது. தக்கை ஒரு விரற்கடை மேலே ஏறி என்னை எட்டிப் பார்த்தது. பாட்டில் வெடித்தால் என் மகளின் குடும்பமும் சேர்ந்து வெடிக்கும்.

அழைப்பு மணி அடித்தது. மனைவி கதவைத் திறக்கும் சத்தம்.

"வாங்க சம்பந்தி, உள்ள வாங்க. அவர் உங்க பாட்டிலை எடுக்கத்தான் போயிருக்கார்."

காலடிச் சத்தம் கூடத்தைத் தாண்டி வந்தது. வெந்நீர்க் குழாயைத் திறந்து, ஆவி பறக்கப் பறக்கக் குவளையில் பிடித்துப் பாட்டில்மேல் சாய்க்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பற்றியது.

"வெந்நீர் வேணாம். கண்ணாடி தெறிச்சுரும்."

ஜன்னல் கண்ணாடி அறுத்தே முடி நரைத்தவர் சம்பந்தி. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஃபிரிஜ் மேல் பழி போட ஒன்பது பொய்கள் என் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் வெளியே வரத் தைரியமில்லை.

"வைக்க மறந்துட்டேன் சம்பந்தி. அவசரத்துல உப்பை அளவில்லாம கொட்டிட்டேன். அன்னைக்கு வார்த்தையைக் கொட்டின மாதிரி."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் நெஞ்சு அடித்த அடியில் பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டிருக்கும்.

குளியலறைப் படியில் உட்கார்ந்தார். பாட்டிலை மடியில் சாய்த்துக்கொண்டார்.

"கழுத்தை நான் பிடிச்சுக்கறேன். அடிப்பக்கம் உங்களது. கைச்சூடு போதும். இறுக்காதீங்க."

பக்கத்தில் உட்கார்ந்து பிடித்தேன். மனைவி வந்து நின்றாள்.

"சாப்பாடு ஆறுது. இங்க என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

"பேசிட்டிருக்கோம் சம்பந்திம்மா" என்றார்.

அதுவரை நாங்கள் வேறு ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. என் விரல்கள் மரத்துவிட்டன. கையை எடுக்கத்தான் பயமாக இருந்தது.