பூ வைக்கப் போன இடத்தில் செல் வந்த கதை

திருமங்கலத்தில் அஸ்வினிக்குப் பூ வைக்க, மாப்பிள்ளை வீட்டார் சமயநல்லூரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தார்கள். பட்டுச்சேலையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தவளின் போன் ஒலித்தது. ஆய்வகத் தோழி மதுவந்தி.

“பாசிட்டிவா? நெசமாவா? அடியே!” என்று கத்தி, எழுந்து ஒரு குதி குதித்தாள் அஸ்வினி.

வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் எச்.ஐ.வி. ஆராய்ச்சி செய்கிறவள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அம்மா ஜெயக்கொடிக்கு வேர்த்துவிட்டது. “யாருக்குடி பாசிட்டிவு?”

“செல்லுக்கும்மா!”

“செல்போனுக்கா?”

மாப்பிள்ளை அழகுராஜா மட்டும் சிரித்துவிட்டான். “ரத்தத்துல இருக்க செல்லு அத்தே. அவங்க சொல்லட்டும்.”

அஸ்வினிக்கு மூச்சு வாங்கியது. “எச்.ஐ.வி. நம்ம செல்லுக்குள்ள நுழையிறதே சிடி4-ங்கிற வாசல் வழியாத்தான். நுழைஞ்சதும் நெஃப்னு ஒரு புரதத்தை விட்டு, அந்த வாசலையே உள்ள இழுத்து அழிச்சிரும். அது வெளிய இருந்தா, கிருமி பிடிச்ச செல்லை நம்ம எதிர்ப்புசக்தி கண்டுபிடிச்சிருமே! நாங்க கிருமியில்லாம நெஃப்பை மட்டும் செல்லுல வச்சோம். சிடி4 காணாமப் போச்சு. இன்னைக்கு ஒரு மருந்து போட்டதும் திரும்பி வந்துருச்சு! அதான் பாசிட்டிவ்!”

“வந்த வழியையே முழுங்கிட்டானா? காரியக்காரப் பய!” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை முனீஸ்வரி.

அழகுராஜா யோசித்தான். “வாசல் திரும்பி வந்தா, இன்னொரு கிருமியும் நுழையாதா?”

டிராக்டர் விற்கிறவன் கேட்கிற கேள்வியா இது! அஸ்வினிக்கு உச்சந்தலைவரை குளுகுளுவென்றது. “நுழையலாம். அதைத்தான் அடுத்து பார்க்கணும்,” என்றவள், முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். நல்லாத்தான் இருந்தான்.

“அந்தச் செல்லை இப்பப் பார்க்க முடியுமா?”

“வாங்க, போவோம்!”

“கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு பேரும் தனியாவா?” ஜெயக்கொடி பதறினாள்.

“தனியா எதுக்கு? நாங்களும் வாரோம்!” முனீஸ்வரி அவசர அவசரமாகப் பூவை வைத்துவிட்டு முதல் ஆளாக வேனில் ஏறினாள்.

திருநகர் தாண்டும்வரை வேனுக்குள் ஒரே கூச்சல். ஆய்வக வாசலில் பட்டுச்சேலையும் வேட்டியுமாக இறங்கிய கூட்டத்தைப் பார்த்து மதுவந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே விட முடியாதென்று, வரவேற்பறைத் திரையில் படத்தைப் போட்டாள். கறுப்புப் பின்னணியில், செல்களின் ஓரமெல்லாம் பச்சையாகச் சுடர்ந்தது.

“அந்தப் பச்சைதான் சிடி4,” என்றாள் அஸ்வினி.

“ஆத்தி, எம்புட்டு அழகு!” முனீஸ்வரி கன்னத்தில் கை வைத்தாள்.

அழகுராஜா திரையைப் பார்க்கவில்லை. அஸ்வினியைப் பார்த்து, “ஆமா அத்தே,” என்றான்.